படகு நடு ஏரியில் ஏன் நின்றது

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. எழுதுகிறபோது சொன்னதையே திரும்பச் சொல்லுவேன், சொல்ல வேண்டியது நடுவில் விட்டுப்போகும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவும் எனக்குக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன். மறதி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. எவ்வளவு மறதி என்பதுதான் எங்கள் வீட்டில் இப்போது வழக்கு.

சத்துவாச்சாரியில் என் மகன் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. வாசலுக்கு ஒரு மரக்கதவு, அதற்கு வெளியே இரும்பு கிரில் கதவு. காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் போகும்போது கிரில்லை வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள். மரக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கலாம். காற்று வரும். படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்களின் கால்கள் தெரியும். மகனிடம் ஒரு சாவி, மருமகளிடம் ஒரு சாவி, ஆபத்து அவசரத்துக்குக் கீழே ஹவுஸ் ஓனரிடம் ஒரு சாவி. உள்ளே இருக்கிற என்னிடம்தான் சாவி இல்லை.

ஹாலில் மகன் ஒரு கேமரா வைத்திருக்கிறான். ஆபீஸில் இருந்தபடியே போனில் என்னைப் பார்ப்பான், பேசவும் செய்வான். ஆளில்லாத ஹாலில் சுவரிலிருந்து குரல் வரும். "ம்மா, மாத்திரை போட்டியா?" "ம்மா, ஸ்டூல் மேல ஏறாதே." முதல் நாள் அந்தக் குரலைக் கேட்டுக் கையிலிருந்த தம்ளரைக் கீழே போட்டுவிட்டேன்.

இப்படி ஆனதற்குக் காரணம் நான்தான். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஆம்பூருக்குப் போனேன். ஆம்பூரில்தான் என் காலமெல்லாம் போனது. ஷூ கம்பெனியிலிருந்து வீட்டுக்கு அப்பர் கொடுத்தனுப்புவார்கள். அப்பர் என்றால் ஷூவின் மேல்தோல். அதைக் கையால் தைத்துக் கொடுக்கிற வேலை. என்னோடு தைத்தவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்காரர் ஹைவேயில் வேறு இடத்தில் இறக்கிவிட்டார். எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி கேட்டு, டியூஷன் போர்டு. எங்கள் தெருப் பெயர் வாய்க்கு வரவே இல்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பொழுது சாய்கிற நேரத்தில் மகன் தேடிக் கண்டுபிடித்தான். திட்டவில்லை. ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதான். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அழுகிறவனிடம் என்ன பேசுவது? அந்த வாரமே பூட்டும் கேமராவும் வந்தன.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். அங்கே மெஷின் மாட்ட வந்து தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது இந்தப் படகை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கை நீளம் இருக்கும். மெல்லிய மரச்சட்டங்களை வளைத்து ஒட்டிச் செய்தது. மேலே கறுப்பு, தண்ணீருக்குள் இருக்கும் பாகம் சிவப்பு, நடுவில் ஒரு புகைக்குழாய். துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துப் போகிற படகாம், அதைப் பார்த்து அப்படியே சின்னதாகச் செய்தது. கையில் ஒரு ரிமோட் பெட்டி, அதில் நீளமான ஏரியல், இரண்டு குச்சிகள். ஒன்று வேகத்துக்கு, ஒன்று சுக்கானைத் திருப்ப. லீவு நாளில் கம்பெனித் தண்ணீர்த் தொட்டியில் விடுவார். நான் சுவர் ஓரம் நின்று பார்ப்பேன். ஒரு நாளும் பெட்டியை என் கையில் கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை. அவர் கட்டை விரல்களைப் பார்த்தே எது எதற்கு என்று தெரிந்துகொண்டேன்.

அவர் போன பிறகு படகு லாஃப்டில் ஏறியது. ஆம்பூர் வீட்டைக் காலி செய்தபோது சத்துவாச்சாரி லாஃப்டுக்கு வந்தது. பூட்டின வீட்டில் எத்தனை நேரம் டிவி பார்ப்பது? ஒரு நாள் மகன் ஸ்டூல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனதும், நான் ஸ்டூலில் ஏறி அதை இறக்கினேன்.

பார்க்கவே பாவமாக இருந்தது. மேல்தளச் சட்டங்கள் பெயர்ந்து நின்றன. புகைக்குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பேட்டரி பொங்கி, கம்பியெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது. பின்பக்கப் பால்கனியில் வாஷிங் மெஷின் பக்கத்தில் கேமராவின் கண் எட்டாது. அங்கே ஒரு பழைய புடவையை விரித்து வேலையை வைத்துக்கொண்டேன்.

"ம்மா, எங்க கீறே? ஹாலுக்கு வா, மூஞ்சியைக் காட்டு."

"துணி காயப்போடறேன்டா."

"அரை நாளா இன்னாம்மா துணி?"

போய் மூஞ்சியைக் காட்டிவிட்டுத் திரும்ப வருவேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் எலுமிச்சம்பழச் சாறும் கொண்டு கம்பிகளைச் சுத்தம் செய்தேன். பெயர்ந்த சட்டங்களை ஒட்டித் துணிக் கிளிப் போட்டுக் கவ்வ வைத்தேன். படகின் மூக்கில் கப்பலை இடித்துத் தள்ளுவதற்காக ஒரு கயிற்று மெத்தை இருந்தது. எலி கடித்துவிட்டிருந்தது. அதற்குப் பதில் என்னிடம் இருந்த அப்பர் தோல் துண்டுகளை மடித்து, மெழுகு நூலால் ஷூவுக்குத் தைக்கிற அதே தையல் போட்டு ஒரு மெத்தை செய்தேன். கை மறக்கவில்லை. அதைத் தைத்த அன்று மத்தியானம் சாப்பிடவே தோன்றவில்லை.

வெளியிலிருந்து வேண்டியதை எல்லாம் எதிர் வீட்டுப் பாயம்மாதான் கிரில் வழியாகக் கொடுப்பாள். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைக்கிறவள், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் எனக்கு அவளிடம் கூச்சம் இல்லை.

"இன்னாமா, ஜெயிலர் ஆபீஸ் போய்ட்டாரா?"

"அப்படிச் சொல்லாத பாயம்மா. புள்ளை பயப்படறான்."

"பயம் அவருக்கு, பூட்டு உனக்கா? நல்ல நியாயம்." பேசிக்கொண்டே முந்தானைக்குள்ளிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்து நீட்டுவாள்.

பேட்டரிக்கும் அவளே வழி செய்தாள். அவள் வீட்டில் பல்பு போன எமர்ஜென்சி லைட் ஒன்று கிடந்தது. அதற்குள் இருந்த பேட்டரி படகு வயிற்றில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. சார்ஜ் போட வேண்டுமென்றால் திரும்ப லைட்டுக்குள் மாட்டிப் பிளக்கில் சொருகிவிடலாம். சிவப்பு எரியும், நிறைந்ததும் பச்சை எரியும்.

இந்தச் சார்ஜ் விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. மோட்டாரோடு சேர்ந்து சுற்றுகிற ஒரு இரும்புக் கம்பி ஒரு குழாய் வழியாகப் படகுக்கு வெளியே போகும். அதன் முனையில்தான் தண்ணீரைத் தள்ளுகிற விசிறி. குழாய் தேய்ந்து இடைவெளி விழுந்திருந்ததால் தண்ணீர் உள்ளே வந்தது. வீட்டுக்காரர் கிரீஸை அடைத்துச் சமாளிப்பார். நான் தோல் தெரிந்தவள் இல்லையா? தோல் வாஷர் போட்டால் சொட்டு நீர் வராது என்று நினைத்தேன். அப்பர் தோல் மெத்து மெத்தென்று இருந்தது, அது தாங்காது, கெட்டியாக வேண்டும் என்று பட்டது. அவருடைய பழைய தோல் செருப்பு ஒன்றை நான் தூக்கிப்போடாமல் வைத்திருந்தேன். அதன் அடித்தோலிலிருந்து வட்ட வட்டமாக வெட்டி, நடுவில் ஊசியால் துளை போட்டு, கம்பியில் கோத்துக் குழாயின் இரண்டு முனையிலும் இறுக்கமாக அடைத்தேன். பக்கெட் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். விசிறி சுற்றியது. ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

மருமகள் துணி எடுக்கப் பால்கனிக்கு வந்தபோது படகைப் பார்த்துவிட்டாள். "என்னங்க, இங்க வந்து பாருங்க, அத்தை கப்பலே கட்டி வெச்சிருக்காங்க!" என்று கூப்பிட்டாள். மகன் வந்தான். ஸ்டூல் ஏறியதற்குத் திட்டுவான் என்று பார்த்தால், குந்தி உட்கார்ந்து மூக்கு மெத்தையைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"நைனாவோட போட்டும்மா இது."

"ஓடும்டா. ஏரியில விட்டுப் பார்க்கணும். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறியா?"

"போலாம்."

அப்போது எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "அந்தக் கரைக்குப் போயி திரும்பி வந்துதுன்னா எனக்கு ஒரு சாவி குடு" என்றேன்.

அவன் சிரித்தான். பிறகு நான் சிரிக்காததைப் பார்த்தான்.

"கொடுங்களேன்" என்றாள் மருமகள். "இவ்ளோ செய்யறவங்களுக்குக் கதவைத் திறந்து மூடத் தெரியாதா?"

"சரிம்மா. போயிட்டு ஒழுங்கா திரும்பி வந்தா சாவி உனக்கு."

ஒடுகத்தூர் போகிற பக்கம் ஒரு ஏரி இருக்கிறது. அங்கே போனோம். வழியில் நிலக்கடலைக் கொல்லையில் ஆட்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். காரின் கண்ணாடியை இறக்கச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனேன். ஏரியில் தண்ணீர் நன்றாகவே இருந்தது. எதிர்க்கரையில் ஒரு பனைமரம் தனியாக நின்றது. அதுதான் எல்லை என்று மகன் காட்டினான்.

படகைத் தண்ணீரில் வைத்துப் பெட்டியைக் கையில் வாங்கினேன். குச்சியை மெல்லத் தள்ளினேன். படகு கரையை விட்டுப் போனது. பொம்மைப் படகு மாதிரி துள்ளிக்கொண்டு போகவில்லை. கனமாக, நிதானமாக, இரண்டு பக்கமும் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு போனது. அவர் ஓட்டியபோதுகூட அப்படிப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. பனைமரத்துக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது. திருப்பினேன். படகு நம்மைப் பார்த்து வரும்போது இடம் வலமாக மாறிவிடும், நிறையப் பேர் அதில்தான் குழம்புவார்கள் என்று அவர் சொல்லுவார். தோலை உள்பக்கம் திருப்பித் தைத்த கைக்கு அது பெரிய கஷ்டமாக இல்லை. மகன் கை தட்டினான். "ம்மா, சூப்பர்மா!" என்றான். எனக்குச் சாவியின் கனம்கூடக் கையில் தெரிந்தது.

பாதி தூரம் வந்தது. வேகம் குறைந்த மாதிரி பட்டது. குச்சியை முழுக்கத் தள்ளினேன். படகு இன்னும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நடு ஏரியில் அப்படியே நின்றது.

"சார்ஜ் போட்டியாம்மா?" என்றான் மகன்.

"போட்டேன்."

"எப்போ போட்டே?"

நேற்றா, முந்தாநாளா? பச்சை விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன். அது எந்த நாள் பச்சை? "போட்டேன்னுதான் நினைக்கறேன்" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. போட்டியா, இல்ல போடணும்னு நினைச்சியா?"

நான் குச்சியைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தேன். மருமகள் என் தோளைத் தொட்டு, "விடுங்க, அத்தைக்கு மறந்திருக்கும், பாவம்" என்றாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். அந்தப் "பாவம்" என்ற சொல்லில்தான் கிரில் கதவு திரும்ப மூடியது.

மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் லாரி டியூபில் மிதந்து போய்ப் படகை எடுத்து வந்தார். "இன்னா ஆயா, கப்பல் தரை தட்டிடுச்சா?" என்று சிரித்தார். அதை என் கையில் கொடுக்கும்போது, "உள்ள ஏதோ சூடா கீது பாரு, கொதிக்குது" என்றார். மகன் அப்போது கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் காதில் அது விழவில்லை. என் காதில் விழுந்தது, ஆனால் அந்த நேரம் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் அவர்கள் போன பிறகு, பால்கனியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது ஏறியது. சார்ஜ் இல்லாத பேட்டரி எதையும் சூடாக்காது. ஓட முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கிற மோட்டார்தான் கொதிக்கும். இதை நான் எலக்ட்ரீஷியன் பெண்டாட்டியாகச் சொல்கிறேன். விசிறியைத் தொட்டுப் பார்த்தேன். லேசாகச் சுற்றியது. சுவிட்சைப் போட்டேன். பெட்டியின் குச்சியைத் தள்ளினேன். பேட்டரியில் உயிர் இருந்தது, விசிறி ஜோராக ஓடியது.

மாலையில் மகன் வந்ததும் காட்டினேன்.

"இப்ப சார்ஜ் போட்டிருப்பே" என்றான்.

"போடலைடா."

"சுத்துதே. எதுலயும் மாட்டிக்கலையே. அப்ப சார்ஜ்தானேம்மா?"

அவன் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. அவன் போய் டிவி போட்ட பிறகு நான் அந்த வாஷரைக் கழற்றி விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் தெரிந்தது. செருப்பின் அடித்தோல் தண்ணீரில் ஊறினால் தடிக்கும். மழையில் நனைந்த தோல் செருப்பு எப்படி உப்பிப்போகும்! பக்கெட்டில் கொஞ்ச நேரம்தான் விட்டேன், அதற்குள் ஊறவில்லை. ஏரியில் போய் வருவதற்குள் ஊறித் தடித்துக் கம்பியைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்துவிட்டது. ஒரு நாள் காய்ந்ததும் பிடியை விட்டுவிட்டது. நான் காலமெல்லாம் தைத்தது அப்பர் தோல். அது இப்படி உப்பாது. தோல் தெரிந்தவள் என்கிற திமிரில் தெரியாத தோலை எடுத்துப் போட்டுவிட்டேன்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. தப்புச் செய்திருக்கிறேன். ஆனால் மறக்கவில்லை!

அடுத்த நாள் அதே வாஷரை அதே மாதிரி மாட்டினேன். துணி ஊறவைக்கிற டப்பை ஹாலுக்கே கொண்டுபோய் வைத்து, தம்ளர் தம்ளராகத் தண்ணீர் மொண்டு வந்து நிரப்பினேன். கேமராவுக்கு நேர் கீழே. இத்தனை நாள் அதன் கண்ணுக்கு ஒளிந்தவள், அன்று அதன் முன்னால் போய் உட்கார்ந்தேன். படகை வைத்து நன்றாக ஊறவிட்டு, பிறகு சுவிட்சைப் போட்டுக் குச்சியைத் தள்ளினேன். மோட்டார் முனகியது. விசிறி அசையவில்லை.

"டேய், இங்க பாரு! பாரு, சுத்தலை! பேட்டரி கீது, முனகுது பாரு!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். நான் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. எதிர் வீட்டுப் பாயம்மா கிரில்லுக்கு ஓடி வந்துவிட்டாள்.

சுவரிலிருந்து குரல் வந்தது.

"ம்மா! ஹால்ல இன்னா தண்ணி? வழுக்கி விழப்போறே!"

"படகைப் பாருடா!"

"மீட்டிங்ல இருக்கேன்மா. நீ எழுந்து போயி சோபாவுல உக்காரு. தொடைக்காதே, அப்படியே வுடு, நான் வந்து தொடைக்கறேன்."

பாயம்மா கிரில்லைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "உன் வீட்டுக்காரர் செருப்புதானே? அதான் பாதி வழியில முரண்டு பிடிச்சுடுச்சு. அவரு பெட்டியை உன் கையில குடுக்கலைன்னியே, செருப்பும் குடுக்கலை!" எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கொஞ்சம் அழுதேன்.

சாயங்காலம் மகன் சொன்னபடியே தரையைத் துடைத்தான். பாயம்மாவும் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான்.

"கேமராவுல தண்ணிதான்மா தெரிஞ்சுது. சரி, நீ சொல்றபடி இன்னைக்குத் தோல்னாலதான் நின்னுச்சு. அன்னைக்கும் அதனாலதான்னு எப்படிச் சொல்றே?"

"மோட்டாரு கொதிச்சுதுடா. அந்த டியூப் ஆளு சொன்னாரு."

"நான் கேக்கலையேம்மா."

"சாவி?"

அவன் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தான். "தோல் தெரிஞ்சவங்க யாராவது ஆமான்னு சொல்லட்டும்மா. ஒத்துக்கறேன். சாவியும் குடுத்துடறேன்." என் பேச்சை முடிக்கத்தான் அப்படிச் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டான். பாயம்மா சாட்சி.

இப்போது அப்பர் தோலில் புது வாஷர் வெட்டிக் கிரீஸில் ஊறப்போட்டிருக்கிறேன். ஏரிக்கு எப்போது போவோம் என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறான். காலையில் கிரில் பூட்டுகிற சத்தம் கேட்கிறது, பிறகு படியில் கால்கள் இறங்குகின்றன. நான் இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால்தான் இவ்வளவும். இதைப் படிக்கிறவர்களில் தோல் வேலை தெரிந்தவர்களோ, இப்படிப் படகு விடுகிறவர்களோ இருந்தால், நான் எழுதியது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். செருப்பின் அடித்தோல் ஏரியில் போய் வருகிற நேரத்துக்குள் ஒரு மோட்டாரை நிறுத்துகிற அளவுக்குத் தடிக்குமா? காய்ந்தால் பழையபடி விட்டுவிடுமா? ஒடுகத்தூர் பக்கத்து ஏரியில் டியூபில் மீன் பிடிக்கிறவரைத் தெரிந்தவர்கள் இருந்தால், அன்று படகுக்குள் சூடாக இருந்ததா என்று அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நாள், கிழமை நான் தப்பாகச் சொல்லியிருக்கலாம். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். சார்ஜ் மட்டும் போட்டேன்.